படியளக்கும் பொறி

எங்கள் பங்கில் ஒரு மூதாட்டி உண்டு. ஞாயிறு காலையில் முதல் மணி அடிக்குமுன்னே கோவில் முகப்பில் அவரைக் காணலாம். மழையோ பனியோ அவரைத் தடுத்ததில்லை. அத்தகையவர் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு வரவில்லை. உடல்நலம் குன்றியதோ என்று ஐயுற்று, பூசை முடிந்ததும் அவர் குடிசைக்குச் சென்றேன். வாசற்படியில் பையும் எண்ணெய்ப் புட்டியும் மடியில் வைத்து, தெருமுனையை நோக்கியபடி அமர்ந்திருந்தார்.

"ரேஷன் வண்டி வருமாம் சாமி. நான் கோயிலுக்கு வந்த நேரம் பார்த்து வந்துட்டுப் போயிட்டா என்ன செய்யிறது? மாதா மன்னிப்பா. வண்டிக்காரன் மன்னிப்பானா?"

சிரித்துவிட்டேன். ஆயினும் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் அந்த வண்டி அவர் வாசலுக்கு வந்தும், அரிசி இறங்காமலே திரும்பிற்று என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். அது ஏன் திரும்பிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நம் குடும்பங்களில் முதியோர் இல்லாத வீடு எது?

வண்டியின் கதையை முதலில் கூறுவேன். தமிழக அரசு 2025 ஆகஸ்டு 12-ஆம் நாள் "முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம்" என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. எழுபது வயதைக் கடந்த முதியோர் மட்டுமே வாழும் வீடுகளுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கும், நியாய விலைக் கடைப் பொருள்களை வண்டியில் ஏற்றி வாசலிலேயே அளந்து கொடுப்பதாய் அன்று அத்திட்டம் அமைந்தது. ஏறத்தாழ 21 இலட்சத்து 70 ஆயிரம் பேர் பயன்பெறுவர் எனத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. மாதத்தின் இரண்டாம் சனியும் ஞாயிறும் வண்டி வரும் என்றார்கள். பின்னர்ச் சில மாதங்களில் நாள்கள் மாறியதும் உண்டு. பெயரில் ஒரு நயம் இருக்கிறது. பேறுகாலத்தில் தாய் வர இயலாத மகளுக்கு இறைவனே தாய் வடிவில் வந்து உதவினார் என்பது திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணம். அந்த இறைவனின் பெயரே தாயுமானவர்.

நிற்க. வண்டி வாசலுக்கு வந்ததே, அரிசி ஏன் இறங்கவில்லை?

வண்டியோடு ஒரு சிறு பொறியும் வருகிறது. உள்ளங்கையகலக் கண்ணாடியும், விரல் வைக்க ஒரு குழியும் கொண்ட அந்தப் பொறியை நாம் எல்லோரும் கடையில் கண்டிருக்கிறோம். 2017 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி, நம் பழைய குடும்ப அட்டைப் புத்தகம் போய்க் கையடக்கமான மின்னணு அட்டை வந்தது. 2020 அக்டோபரில், நாட்டின் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்னும் "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" ஏற்பாட்டில் தமிழகம் சேர்ந்தபோது, அட்டையோடு விரல் ரேகையும் வேண்டும் என்றாயிற்று. விரலை வைத்தால் ஆதாரில் பதிந்துள்ள ரேகையோடு பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் பில் விழும். பில் விழுந்தால்தான் தராசு அசையும்.

நம் மூதாட்டியின் விரலில் ரேகை இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் ஆத்தங்குடிப் பக்கத்துத் தரைக்கல் பட்டறைகளில் மணலும் சிமெண்டும் சுமந்தவர் அவர். செட்டிநாட்டு வீடுகளில் பூப்பூவாய் விரிந்து கிடக்கும் அந்தத் தரையை வியக்காதார் யார்? சிமெண்டில் உள்ள சுண்ணம் நாள்பட நாள்படத் தோலை அரிப்பது. அவர் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன். நீரில் உருண்ட கூழாங்கல்லைப் போல் வழவழத்திருந்தன. பொறி மூன்று முறை அவரை மறுத்ததாம். "என் கையே என்னையத் தெரியாதுன்னு சொல்லுது சாமி" என்றார்.

ரேகை பொருந்தாதபோது வேறு வழியே இல்லையா? உண்டு. ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணுக்கு ஒரு கடவு எண் வரும். ஒருமுறை மட்டுமே பயன்படும் அந்த எண்ணைச் சொன்னால் பொறி ஏற்றுக்கொள்ளும். அவருக்கும் எண் வந்ததாம். ஆனால் எங்கே வந்தது? ஆதார் எடுத்த நாளில், வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகன் தன் எண்ணைப் பதிந்துவிட்டிருந்தான். அந்த எண் இப்பொழுது அவனிடமும் இல்லை. யாருடைய பையிலோ மணி அடிக்க, இங்கே ஒரு தாயின் பை வெறுமையாய் மடங்கிற்று. வண்டியில் வந்த இளைஞர் நல்லவர்தாம். "அடுத்த வாரம் கடைக்கு வாங்க பாட்டி, பார்க்கலாம்" என்று ஆறுதல் கூறிச் சென்றிருக்கிறார். கடைக்குச் செல்ல இயலாதவர்களுக்காகவே அந்த வண்டி வந்தது என்பதை அவ்வேளையில் அவரும் மறந்துபோனார் போலும்.

இவ்விடத்தில் மகனைப்பற்றியும் ஒரு சொல். அவன் தாயை மறந்தவன் அல்லன். அயல்நாட்டிலிருந்தபடியே கைபேசியைத் தட்டிக் காரைக்குடிக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவன். பெயர் பெற்ற ஒரு வணிக நிறுவனத்தின் பையன் இருசக்கர வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறான். ஒருமுறை மூட்டை வேறு தெருவில் இறங்கி மூன்று நாள் கழித்து வந்ததும் உண்டாம். பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்கு வாசல்வரை வழி திறந்துவிட்டது. ரேகையும் கேட்பதில்லை, கருவிழியும் கேட்பதில்லை. ஏழைக்கு உரிய இலவச அரிசிக்கு மட்டும் இத்தனை சோதனையா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. அந்தக் கேள்வியோடு சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

செட்டிநாட்டாருக்குப் பங்கீட்டரிசியின் வரலாறு அயலார் கதையன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன், கீழைப் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் நகரத்தார். 1930-களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல், அங்குள்ள முதன்மையான நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தின் அடுப்புகளில் பர்மா அரிசி நிறையவே வெந்தது. கவுனி அரிசி நம் விருந்துப் பந்திக்கு வந்ததும் அவ்வழியே என்பர். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கப்பல்கள் நின்றன. அடுத்த ஆண்டே சென்னையில் அரிசிப் பங்கீடு வந்தது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேக்குமரத் தூண்களை அண்ணாந்து பார்க்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தேக்கு வந்த வழி அடைபட்டபோதுதான் நாட்டார் கையில் பங்கீட்டுச் சீட்டு ஏறிற்று.

1952-இல் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அரிசியே பெரும் பேச்சாயிற்று. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்கு ஆட்சியை மாற்றிய வாக்குகளுள் ஒன்று. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. நான் சிறுவனாய் இருந்தபோது, பாமாயிலுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற கால்கள் இவை. வரிசையில் செங்கல்லை இடமாய் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியவர்கள் நம்முள் எத்தனை பேர்! அக்காலத்துக் கடைக்காரர் அட்டையில் பேனாவால் கிறுக்குவார்; எழுதியது ஒன்று, அளந்தது ஒன்று என்று சண்டை எழும். ஆனாலும், "இன்னார் வீட்டு அம்மா" என்று முகம் பார்த்து அளப்பார்.

1997-இல் நடுவண் அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் என்று மக்களைப் பிரித்தபோது, தமிழகம் அந்தக் கோட்டைக் கிழிக்க மறுத்தது. அட்டை உள்ள எல்லோருக்கும் பொருள் என்ற கொள்கையே இங்கு நின்றது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று; 2011 ஜூன் முதல் விலையே இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தாலும், அதை 2016 நவம்பரில்தான் தமிழகம் ஏற்றது. எல்லோருக்கும் என்பதில் ஒரு நன்மை உண்டு: ஏழை என்று எவரும் தம்மை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஒரு தீமையும் உண்டு. உண்ணாத வீட்டார் அரிசியை வாங்கிக் கோழிக்குப் போடுவதும், இடைத்தரகனுக்கு விற்பதும், அது மூட்டை மூட்டையாய் எல்லை தாண்டுவதும் நாம் அறிந்தவையே. நம் பங்கு மக்களில் இதைச் செய்கிறவர் எவரேனும் இருப்பின், அவரை நான் பெயர் சொல்லவேண்டியதில்லை. அவர் மனச்சான்று சொல்லும். விரல் ரேகைப் பொறி வந்ததற்கு ஒரு காரணம் இந்தக் களவுதான் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் களவைத் தடுக்க இட்ட வேலி பயிரையே தடுக்கலாமா? 2017-இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். குடும்ப அட்டை ஆதாரோடு இணைக்கப்படாததால் நீக்கப்பட்டு, அரிசி கிடைக்காமற் பட்டினியால் இறந்தாள் என்று வீட்டார் கூறினர். நோயால் இறந்தாள் என்று அரசு தரப்பில் கூறப்பட்டது. நாடெங்கும் அது பேசப்பட்டது. அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 26-இல், ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்றது; ஆனால், பொறி ஏற்கவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் உரிமை மறுக்கப்படலாகாது என்பதையும் வலியுறுத்திற்று. நம் மூதாட்டியின் உரிமை அங்கே இருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவே.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். அங்கும் பசி உண்டு. 1939 மே மாதத்தில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் முதன்முதலாக உணவு வில்லைகள் வந்தன. மக்கள் பணம் கொடுத்து ஆரஞ்சு வில்லை வாங்கினால், அதனோடு நீல வில்லை இலவசமாய்க் கிடைக்கும். மிகுதியாய் விளைந்து தேங்கிய பொருள்களை நீல வில்லைக்கு வாங்கலாம். 1964-இல் அது சட்டமாயிற்று. 2004-க்குள் வில்லை நாடெங்கும் மறைந்து அட்டை வந்துவிட்டது. மாதந்தோறும் அட்டையில் ஒரு தொகை ஏறும். அங்காடியில் உணவுப் பொருளுக்கு மட்டும் அதைச் செலவிடலாம். சமைத்த சூடான உணவுக்கும் மதுவுக்கும் ஆகாது. ஏறத்தாழ 4 கோடிப் பேர் இவ்வுதவியைப் பெறுகின்றனர். 2019 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு சோதனை தொடங்கியது: அமேசான், வால்மார்ட் போன்ற பெருங்கடைகளில் இருந்த இடத்திலிருந்தே இணையம் வழியாய்ப் பொருள் தெரிந்து, அந்த அரசு அட்டையாலேயே பணம் செலுத்தலாம். அடுத்த ஆண்டு கொரோனா பரவ, ஊர் அடங்க, அந்தச் சோதனை விரைந்து பெரும்பாலான மாநிலங்களுக்கும் பரவிற்று. கால் நடக்க மாட்டாத முதியவருக்கும், கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கும் அது பேருதவி.

ஆயினும் அங்கும் முள் இல்லாமலில்லை. கொண்டுவந்து கொடுக்கும் கூலியை அந்த அட்டையிலிருந்து செலுத்த முடியாது; கையிலிருந்து கொடுக்கவேண்டும். கையில் காசு இருந்தால் அவர் ஏன் அட்டை வைத்திருக்கிறார்? மேலும், அட்டையின் இரகசியத்தைக் கள்ளப் பொறியால் நகலெடுத்து ஏழைகளின் தொகையைத் திருடும் கூட்டம் பெருகிற்று. திருடு போனதை நடுவண் அரசின் பணத்தால் ஈடுசெய்யும் ஏற்பாடு 2024 டிசம்பர் 20-க்குப் பின் நடந்த களவுகளுக்கு இல்லை. 2025 நவம்பரில், அரசின் வரவு செலவு நிறைவேறாமல் அலுவலகங்கள் முடங்கியபோது, அட்டையில் தொகை ஏறாமற் பலர் கலங்கினர். கடை திறந்திருந்தது, அலமாரி நிறைந்திருந்தது, அட்டை வெறுமையாய் இருந்தது.

பணமா, பொருளா என்ற கேள்வி நமக்கு அண்டையிலேயே எழுந்ததுதான். புதுச்சேரியில் 2015 முதல் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் இடும் முறை வந்தது. கடைகள் மெல்ல மூடிக்கிடந்தன. பெண்கள் பணம் வேண்டாம், அரிசியே வேண்டும் என்று கேட்டவண்ணம் இருந்தனர். 2024-இல் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஏன் அப்படிக் கேட்டார்கள்? பானையில் விழுந்த அரிசியை யாரும் சாராயக் கடைக்குக் கொண்டு போவதில்லை. வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வண்டி முறையும் புதிதன்று. ஆந்திராவில் 2021 சனவரியில் 9,260 வண்டிகள் வீதிவீதியாய் ஓடின. 2025 ஜூன் முதல் அவை நிறுத்தப்பட்டு, மக்கள் மீண்டும் கடைக்கே சென்றனர். முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டு வழங்கல் தொடர்ந்தது. தில்லி அரசு கொண்டுவந்த வீட்டு வழங்கல் திட்டத்தை 2022 மே மாதம் அங்குள்ள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எல்லோர்க்கும் வண்டி என்பதினும், நடக்க இயலாதவர்க்கு வண்டி என்பதே நிலைக்கும் எனத் தோன்றுகிறது. ஆட்சிகள் மாறும், திட்டங்களின் பெயர்களும் மாறும். நடக்க இயலாத கிழவி மாறுவதில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை வாசிக்குந்தோறும் எனக்கு நம் நியாய விலைக் கடை நினைவுக்கு வரும். எருசலேமின் முதற் சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள், முறைப்பாடு எழுந்தது. உணவு இல்லாமற் போகவில்லை. பட்டியலில் சிலர் விழவில்லை. அதற்குத் திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முணுமுணுத்தவர்களைக் கடியவில்லை. எழுவரைத் தெரிந்து அப்பணிக்கென்றே அமர்த்தினார்கள். ஸ்தேவான் அவர்களுள் முதல்வர். நம் திருச்சபையின் முதல் மறைசாட்சி, கைம்பெண்களுக்கு உணவு பரிமாறத் தெரிந்துகொள்ளப்பட்டவர்!

எங்கள் பங்கிலும் அவ்வண்ணமே ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர், கல்லூரியில் படிக்கும் மூன்று பிள்ளைகள். அவர்கள் தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்குச் சென்று நான்கு காரியங்களைக் கேட்டறிந்தார்கள்: அட்டையில் எந்தக் கைபேசி எண் உள்ளது? ஆதாரில் எந்த எண்? விரல் பதிகிறதா? இறந்தவர் பெயரோ, பிரிந்து சென்றவர் பெயரோ அட்டையில் இன்னும் இருக்கிறதா? இந்த நான்காவது கேள்வி எளிதாய்த் தோன்றும். ஆனால் அயலூரில் உள்ள இளம் மகனின் பெயர் தாயின் அட்டையில் நீடித்தால், அவர் முதியோர் மட்டுமே உள்ள வீட்டார் என்று கணக்கில் வரமாட்டார், வண்டி வாராது. பலர் இதை அறியார்.

அட்டையிலுள்ள எண்ணும் ஆதாரிலுள்ள எண்ணும் வேறு வேறு என்பதையும் பலர் அறியார். அட்டையின் எண்ணுக்கு, நாம் என்ன வாங்கினோம் என்ற குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் உடனே கேட்கவேண்டும். அந்த எண்ணை மாற்றுவது, பெயர் சேர்ப்பது, நீக்குவது, முகவரி திருத்துவது, அரிசி வேண்டாதவர் விட்டுக்கொடுப்பது ஆகியவற்றை உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ செய்யலாம். ஆதாரின் எண்ணை ஆதார் மையத்தில் மாற்றலாம். கடைக்கு வர இயலாதவர், தமக்காக வேறொருவர் வாங்கிவரக் கடையில் எழுத்து மூலம் அங்கீகாரப் படிவம் கொடுக்கவும் வழி உண்டு. முறையீட்டுக்குக் கட்டணமில்லாத தொலைபேசி எண்கள் 1967, 1800 425 5901. முதலாவதை மறக்கவே முடியாது. அரிசி ஆட்சியை மாற்றிய ஆண்டு அது!

ஓர் எச்சரிக்கை. "அட்டை முடங்கிவிடும், கடவு எண்ணைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்பவன் எவனாயினும் கள்வனே. பொறிக்கு முன் நாம் நிற்கும்போது மட்டுமே, நம் கண்ணெதிரே உள்ள விற்பனையாளரிடம் அந்த எண்ணைச் சொல்லவேண்டும். முதியோருக்கு இதைப் பேரப்பிள்ளைகள் பத்து முறை சொல்லுங்கள். பதினோராம் முறையும் சொல்லுங்கள்.

மூதாட்டியை ஆதார் மையத்துக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றோம். அங்கும் விரல் கைகொடுக்கவில்லை. கண்ணின் கருவிழி கைகொடுத்தது. பொத்தான் வைத்த பழைய கைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்து அதன் எண்ணைப் பதிந்தோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் கடவு எண்ணை எப்படிச் சொல்வார்? அடுத்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி வாசித்துச் சொல்வதாய் ஏற்பாடு. இதற்குள் மகன் தொலைபேசியில் அழைத்து, "ஏன் சாமி அம்மாவை அலைய விடுறீங்க? இலவச அரிசி எதுக்கு? நான்தான் நல்ல அரிசியா அனுப்புறேனே" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டான். நான் கைபேசியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

"அது நீ குடுக்கிறதுப்பா. இது எனக்குள்ளது" என்றார் அவர். மகன் அதற்கு என்ன விடை சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் வண்டி சனிக்கிழமையே வந்தது. விரலை வைத்தார், பொறி மறுத்தது. எண் வந்தது. சிறுமி உரக்க வாசித்தாள். பில் விழுந்தது. அரிசி, சீனி, துவரம் பருப்பு, பாமாயில் எல்லாம் திண்ணையில் இறங்கின. அவற்றை உள்ளே எடுத்து வைக்கச் சிறுமி முனைந்தபோது, மூதாட்டி தடுத்து, தராசின் எண்ணை மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னாராம். மறுநாள் ஞாயிறு முதல் மணி அடிக்குமுன் கோவில் முகப்பில் நின்றிருந்தார்.